வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

இருங்கோ பிள்ளை, எழும்பாதேங்கோ. நீங்கள்தானே என்னுடைய தமிழை இங்கிலீசாக்க வந்தவர்? கழுத்தில் தொங்குகிற அட்டையைப் பார்த்தேன். தமிழ்ப் பெயர். மனம் கொஞ்சம் ஆறியது. என்னை அவர்கள் நாகேஸ்வரி என்று பதிந்திருப்பார்கள். நாகேசு என்றால் காணும்.

வழக்கைப் பற்றி என்னோடு கதைக்கக் கூடாது என்கிறீர்கள். சரி, நீங்கள் கதைக்க வேண்டாம். நான் கதைக்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லைதானே. என்னுடைய லோயர் பெடியன் ஹைவேயில் மாட்டுப்பட்டு நிற்கிறானாம். வெளியில் இப்படிப் பனி கொட்டினால் ஆர் வந்து சேருவார்கள்? உள்ளே விசாரணைக்குப் போனால் ஓம், இல்லை, இந்த இரண்டைத்தான் சொல்ல வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறான். ஓம் இல்லைக்குள் அடங்குகிற கதையா இது? முழுக்கத் தெரிந்தால்தானே உங்களுக்கும் வடிவாக இங்கிலீசாக்க வரும்.

எந்த ஊர் நீங்கள்? இங்கேதான் பிறந்ததோ. அம்மா அப்பா? அளவெட்டியோ. அப்ப சரி. அளவெட்டிச் சனத்துக்கு நியாயம் விளங்கும்.

என்மேல் வழக்குப் போட்டவளின் பெயர் இராசமலர். மலர், மலர் என்று நான் வாய் நிறையக் கூப்பிட்டவள். போன மாசியில் என் கடைக்கு முன்னால் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். மணிக்கட்டும் போனது. விழுந்தது அவள். கூட்டில் ஏற்றியது என்னை. இதுதான் கனடா.

என் கடை ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் கடைசிக் கடை. சாப்பாட்டுக் கடை. இடியப்பம், பிட்டு, ரோல்ஸ், சோற்றுப் பார்சல். பக்கத்தில் நகைக்கடை, அதற்கு அங்கால் பல் வைத்தியர், அதற்கு அங்கால் இப்போது ஒன்றும் இல்லை, முந்தி டிராவல்ஸ் இருந்தது. எல்லாக் கடைக்கும் முன்னால் பொதுவாக ஒரு பார்க்கிங் லொட். என் வாசலில் நின்று பார்த்தால் நிலம் கொஞ்சம் சரிவு. என் வாசலில் ஊற்றுகிற எதுவும் நேரே கார் நிற்கிற இடத்துக்குத்தான் போகும். அந்தச் சரிவை நானா வெட்டினேன்? பிளாசாவைக் கட்டினவன் வெட்டினான்.

பிளாசாவுக்குச் சொந்தக்காரர் குலசிங்கம். எங்கட ஆள்தான். கோயிலில் முன்வரிசையில் வெறும் மேலோடு நிற்பார், பார்த்தால் கும்பிட வேண்டும் போல இருக்கும். வாடகை ஒரு நாள் பிந்தினால் தெரியும் அந்தப் பக்தி. மலரின் லோயர் மூன்று பேரைப் பிடித்திருக்கிறான். ஒன்று குலசிங்கம். மற்றது பனி தள்ளுகிற கொம்பனிக்காரன். மூன்றாவது நான். குலசிங்கம் சொல்லுகிறார், கடை வாசல் கடைக்காரரின் பொறுப்பாம். நான் சொல்லுகிறேன், கார் நிற்கிற இடம் அவருடைய பொறுப்பு. பனி தள்ளுகிறவன் சொல்லுகிறான், தான் தள்ளினதாம், ஐஸ் கட்டி ஆட்கள் சறுக்காமல் இருக்க உப்பும் போட்டதாம், அதற்குப் படம் வேறு எடுத்து வைத்திருக்கிறானாம்.

உப்புப் போட்டானாம். வாய் கூசாமல் சொல்லுகிறான். அன்றைக்கு என் வாசலில் ஒரு கல் உப்பு இல்லை பிள்ளை. மருந்துக்கும் இல்லை. நான் என்னுடைய இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இதை அழுத்திச் சொல்லுங்கோ உள்ளே. ஒரு கல் இல்லை என்று.

மலரை எனக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்பார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். அகதியாக வந்து இறங்கின புதிதில் ஒரே பேஸ்மென்டில் இருந்தோம். என்னுடைய மனுசன் அப்போது வரவில்லை, அவளுடைய மனுசன் வரவே இல்லை. எங்கள் இருவருக்கும் ஒரு குளிர்க் கோட்டுத்தான். வெளியில் வேலை இருக்கிறவள் போடுவாள், மற்றவள் உள்ளே இருப்பாள். அந்தக் கோட்டின் மேல் பொத்தானை அறுத்துத் துலைத்தவளும் அவள்தான். கேட்டால், தானாய் விழுந்தது என்றாள். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், இவள் தன் பிழையை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத சாதி என்று.

பிறகு நான் கடை போட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எனக்குக் கையும் அடுப்பும்தான் படிப்பு. அவள் ஒபிசுகள் துடைக்கிற வேலைக்குப் போனாள். என்றாலும் வெள்ளிக்கிழமை தவறாது. கோயிலுக்குப் போகும் வழியில் வந்து இடியப்பமும் சொதியும் வாங்குவாள். வாங்கினால் வாங்கிக்கொண்டு போக வேண்டும். கவுன்டரில் கையை ஊன்றிக்கொண்டு நின்று, "நாகேசு, சொதிக்குத் தேங்காய்ப்பால் விட்டனியோ, தேங்காயைக் காட்டினனியோ?" என்பாள். மற்றச் சனம் கேட்டுக்கொண்டு நிற்கும். நான் சொல்லுவேன், "உனக்கு அள்ளித் தாறதுக்கு இது உன்ர மாமியார் வீடு இல்லையடி." அவள் சிரிப்பாள். சனமும் சிரிக்கும். அவளுக்கு அது பகிடி. எனக்குத் தொழில் பிள்ளை.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. முதல்நாள் முழுக்கப் பனி கொட்டி, விடிய வெயில் எறித்தது. அந்த வெயிலை நம்பக் கூடாது. பார்க்கத்தான் வெயில், கையை வெளியில் விட்டால் விரல் கழன்று விழும். நான் விடிய வந்து கடையைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு ஒரு முறை இருக்கிறது. அதைச் செய்யாமல் அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன். சுவாமி விளக்கை ஏற்றி, கடைப் படியில் கற்பூரம் காட்டி, தேசிக்காயை வெட்டிக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்து, வாசலுக்கு மஞ்சள் தண்ணீர். கடை திறந்த நாளில் இருந்து ஒரு வெள்ளி தவறவிட்டதில்லை. அதுதான் கடை நிற்கிறது.

அதற்கு முதல் வாசலைக் கூட்ட வேண்டும். குப்பையோடு தண்ணீர் தெளிக்க முடியுமோ? அதுவும் அந்தப் பனிக்காரன் வந்து போனால் வாசல் முழுக்கக் கல்லுக் கல்லாக உப்பு. நீங்கள் சின்னப்பிள்ளை, உங்கள் அம்மாவைக் கேளுங்கோ. உப்பு லட்சுமி. மிதித்தால் கடன் வரும், வீடு விளங்காது. மற்ற நாள் எப்படியும் போகட்டும், வெள்ளிக்கிழமை என் வாசலில் லட்சுமியைச் சனம் சப்பாத்துக் காலால் மிதித்துக்கொண்டு உள்ளே வர நான் விடமாட்டேன். அந்த டிராவல்ஸ்காரன் உப்பைக் கூட்டவே மாட்டான். அப்படியே கிடக்கும், ஆட்கள் நறுக்கு நறுக்கென்று மிதிப்பார்கள். இப்போது எங்கே அவன்? கடைக்குக் காகிதம் ஒட்டிப் பூட்டியிருக்கிறது. நான் ஒவ்வொரு வெள்ளியும் வாசலில் இருந்து கார் விடுகிற கோடு வரைக்கும் ஒரு கல் மிச்சம் இல்லாமல் கூட்டி, அள்ளி, அந்த ஓரத்து மரத்தடியில் கொட்டிவிடுவேன். அன்றைக்கும் அப்படித்தான்.

ஏன் பிள்ளை அப்படிப் பார்க்கிறீர்கள்? நான்தானே முதலே சொன்னேன், ஒரு கல் இருக்கவில்லை என்று. பொய்யா சொன்னேன்?

தண்ணீர் பச்சைத் தண்ணீர் இல்லை. அதையும் கவனியுங்கோ. எனக்கு மூளை இல்லையா, அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர் ஊற்ற? இடியப்பத்துக்கு மா குழைக்கக் கொதிக்க வைத்த தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து, மா கரைக்கிற பெரிய வாளி நிறைய எடுத்து, ஆவி பறக்கப் பறக்க ஊற்றினேன். ஊற்றினதும் வாசலில் இருந்த கொஞ்ச நஞ்சப் பனியும் கரைந்து ஓடிவிட்டது. எவ்வளவு துப்புரவு தெரியுமோ? பனிக்காரனின் மிசினும் அப்படித் துப்புரவாக்காது. உண்மையில் அன்றைக்கு வாசலைச் சுத்தம் செய்தவள் நான் ஒருத்திதான். அதற்குப் பிறகு அது என்ன ஆனது, எங்கே ஓடினது என்று பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு நேரம் இல்லை. உள்ளே வடைக்கு உழுந்து அரைபட்டுக்கொண்டிருந்தது.

மலர் வந்தாள். அவளுக்கு என் வாசலுக்கு நேரே காரை விட வேண்டும். அங்கால் பக்கம் முழுக்கக் காலி, ஆனால் இவளுக்கு நாலு அடி நடந்தால் கிரீடம் விழுந்துவிடும். கதவைத் திறந்து ஒரு காலை வைத்தாள், அவ்வளவுதான். சத்தம் எனக்கு அடுப்படிக்குக் கேட்டது. ஐயோ என்று கூடக் கத்தவில்லை. பொத்தென்று ஒரு சத்தம், பிறகு, "நாகேசு" என்று ஒரு சத்தம்.

ஓடி வந்தேன். நான் முதல் பார்த்தது அவளுடைய காலை. என்ன போட்டுக்கொண்டு வந்தாள் என்று நினைக்கிறீர்கள்? கோயில் செருப்பு. காலுக்கு மேஸ் உறை போட்டு, அதன் மேல் செருப்பு. மாசி மாதத்தில். "உந்தச் செருப்போடயோ வந்தனி?" என்று கேட்டேன். ஒருத்தி விழுந்து கிடக்கும்போது அதையா கேட்பது என்று பிறகு எங்கட மனுசன் சொன்னார். அதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது? காரணத்தைத்தானே முதலில் பார்க்க வேண்டும்.

என்னிடம் வேலை செய்கிற பெட்டை அடுப்படியில் இருந்து உப்புப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள், ஐசுக்கு மேல் போட. நான் கையைப் பிடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கடை உப்பை வெளியில் கொடுப்பதா? அம்புலன்ஸ்காரர் வந்தார்கள். அவர்களில் ஒருவனும் சறுக்கி முழங்கால் போட்டான். அவன் வழக்குப் போடவில்லை. தட்டிக்கொண்டு எழும்பினான். அதற்குப் பெயர் மனிசத் தன்மை.

ஒன்று மட்டும் இருக்கிறது. அவளைத் தூக்க முதல் நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். உடையாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பிறகு அந்தக் கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க மஞ்சள். என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.  கையைச் சீலையில் துடைத்தாள்.

அதற்குப் பிறகு நான் அவளைக் காணவில்லை.

ஆசுப்பத்திரிக்குப் போயிருக்கலாம் என்று எல்லாரும் சொல்லுவார்கள். சொல்லுவது லேசு. கடையை விட்டுவிட்டுப் போக முடியுமோ? வெள்ளி சனி ஞாயிறு சனம். திங்கள் சாமான் எடுக்க வேண்டும். அதோடு குலசிங்கம் கடைக்கு வந்து சொன்னார், "அக்கா, போய்க் கீய்ப் பாத்துப்போடாதேங்கோ. போனால் உங்களில பிழை எண்டு ஆயிடும்." பிளாசா வைத்திருக்கிற மனிசன் சொன்னால் கேட்கத்தானே வேண்டும். போகவில்லையே தவிர, நான் மறக்கவில்லை. அவள் வீட்டுக்கு வந்த பிறகு மிளகு ரசம், குத்தரிசிச் சோறு, முருங்கையிலைச் சுண்டல் எல்லாம் வைத்துப் பார்சல் கட்டி எங்கட மனுசனிடம் கொடுத்துவிட்டேன். அதையும் ஒரு குற்றமாக்கினார்கள். பார்சலில் பில் குத்தியிருந்ததாம். கடையில் கட்டுகிற எல்லாப் பார்சலிலும் பெட்டை பில் குத்துவாள், அது கடை முறை. ஆரும் காசு கேட்கவில்லையே. அவளுடைய மருமகன் அந்தப் பில்லைக் கொண்டுவந்து, கடை நிறையச் சனம் நிற்க, காசை எண்ணிக் கவுன்டரில் வைத்தான்.  வைத்துவிட்டுப் போனான். நான் என்ன செய்ய? மிச்சச் சில்லறையைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். நான் ஆரையும் ஏமாற்றுகிறவள் இல்லை.

அடுத்த கிழமை வழக்குக் கடிதம் வந்தது.

ஒரு சொல் என்னிடம் கேட்டிருக்கலாம் பிள்ளை. ஒரு சொல். "நாகேசு, இப்பிடிச் செய்துபோட்டியே" என்று வந்து கத்தியிருக்கலாம். நானும் கத்தியிருப்பேன். முடிந்திருக்கும். ஒரு கோட்டுக்குள் மாறி மாறிக் குளிர் காய்ந்தவர்கள் நாங்கள். அவள் வரவில்லை. வர முடியாதுதான், கட்டிலில் கிடந்தாள். ஆனால் போன் இருக்கிறதுதானே.

பிறகு இன்சூரன்சில் இருந்து ஒருவன் வந்தான். நல்ல உயரம், குனிந்து குனிந்து கடையெல்லாம் பார்த்தான். மருமகன் அன்றைக்கே ஓடி வந்து படம் எடுத்திருக்கிறான், பார்த்தீர்களா புத்தியை? மாமி அம்புலன்சில் போகிறா, இவன் நிலத்தைப் படம் எடுக்கிறான். படத்தில் ஐஸ் மஞ்சளாக இருக்கிறது. இன்சூரன்ஸ்காரன் என்னிடம் காட்டி மூக்கைச் சுளித்து, "டோக்?" என்று கேட்டான். நாய் மூத்திரம் என்று நினைத்துவிட்டான். நான் தலையை ஆட்டினேன். ஓம் என்றும் ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. எங்கட ஆட்கள் ஆட்டுகிற மாதிரி ஆட்டினேன். அவன் நாய் என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். சுவாமிக்குத் தெளித்த மஞ்சளை நாய் மூத்திரம் என்று எழுதுகிற நாடு பிள்ளை இது. அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் திருத்தவும் இல்லை. ஏன் திருத்த வேண்டும்? கேட்டது அவன், எழுதினது அவன்.

உங்களுக்கு இதெல்லாம் சின்ன விசயம். எனக்குக் கடை போகப் போகிறது. சித்திரையோடு லீஸ் முடிகிறது. குலசிங்கம் போன கிழமை வந்து, பிளேன் ரீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு சொன்னார், "வழக்கில உங்கட பக்கம் பிழை எண்டு வந்தால் நான் திருப்பித் தரமாட்டன் அக்கா. பேந்து என்னைக் குறை சொல்லக் கூடாது." அவருடைய மருமகனுக்கு அந்த இடத்தில் ஏதோ பபிள் ரீக் கடை போட வேண்டுமாம். குடிக்கிற ரீக்குள் உருண்டை மிதக்குமாம். அதற்காக என்னைக் கலைக்க வழி பார்க்கிறார். எங்கட மனுசனுக்கு முதுகு சரியில்லை, பக்ரறி வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். இந்த வயதில் நான் வேறு எங்கே போய் அடுப்பு மூட்டுவது? அந்த வாசலை விட்டால் எனக்குக் கனடாவில் வேறு ஒன்றும் இல்லை. ஆகவே நான் ஒரு முடிவோடு வந்திருக்கிறேன். தண்ணீரைப் பற்றிக் கேட்டால்தான் சொல்லுவேன். கேட்காவிட்டால் நானாக வாயைத் திறக்க மாட்டேன். கேட்டாலும், சமய முறை என்றுதான் சொல்லுவேன். இந்த நாட்டில் சமயத்துக்குச் சுதந்திரம் இருக்கிறதுதானே. நீங்களும் அந்த இடம் வந்தால் கொஞ்சம் பார்த்து, இரண்டு துளி தெளித்தது மாதிரி...

முடியாதோ. சொல்வதை அப்படியே சொல்லுவேன் என்று நீங்களும் சத்தியம் செய்ய வேண்டுமோ. உங்கள் அம்மா வளர்த்த வளர்ப்பு நல்லதுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா கேட்டேன்.

கொஞ்சம் பொறுங்கோ. எலிவேட்டர் திறக்கிறது. என்னுடைய பெடியனாக இருக்கும்.

இல்லை. அவள்.

பார்க்காதேங்கோ, பார்க்காதேங்கோ. வோக்கரை ஊன்றி ஊன்றி வருகிறாள். முந்தி என்ன வேகமாக நடப்பாள் தெரியுமோ? பின்னால் வருகிறான் பாருங்கோ, அந்தப் படம் பிடிக்கிற மருமகன். முகத்தைப் பாருங்கோ, கடுக்காய் குடித்த மாதிரி. இவளை விசாரித்து முடிந்துவிட்டதே, போன கிழமை. இன்றைக்கு ஏன் வருகிறாள்? நான் விழுகிறதைப் பார்க்க வருகிறாளோ?

இங்கேதான் வருகிறாள்.

"நாகேசு. சுகமா இருக்கிறியோ?"

"லோயர் உன்னோட கதைக்க வேண்டாம் எண்டவர்."

"நான் வழக்குக் கதைக்கேல்லை. சுகம் கேட்டனான்."

"இருக்கிறன். உனக்குத் தெரியுந்தானே எப்பிடி இருப்பன் எண்டு."

"மெலிஞ்சு போனாய்."

"வழக்குப் போட்டால் ஆர் கொழுப்பினம்?"

"உன்ர பேரைப் போட்டது நான் இல்லையடி. மருமோனும் லோயரும். கடையையும் போட்டால்தான் சரி எண்டவை. நான் கிடந்த கிடையில கையெழுத்து வைச்சனான். எனக்கு இனிக் குனிஞ்சு நிலம் துடைக்க ஏலாது நாகேசு. ஆரோ ஒருத்தர் எனக்குச் சோறு போடத்தானே வேணும். அது குலசிங்கமாய் இருக்கட்டும்."

"குலசிங்கமோ, கொள்ளையோ, ஆரோடயும் நீ பட்டுக்கொள். என்னட்டைச் சொல்லாதை."

"இதைச் சொல்லத்தான் வந்தனான். மருமோன், நீ அங்கால போய் நில். நாகேசு, பயப்பிடாதை. என்னை ரெண்டு மணித்தியாலம் கேட்டவங்கள். வாசலில என்னெண்டு ஐஸ் வந்தது எண்டு கேட்டவங்கள். கூரையால வடிஞ்ச தண்ணி எண்டுதான் சொன்னனான். கூரை அவரின்ரதானே. நீ தண்ணி ஊத்தினதை நான் வாயே திறக்கேல்லை. நீயும் திறவாதை. கடையை வைச்சிரு."

கேட்டீர்களா பிள்ளை?

போகிறாள் பாருங்கோ, வோக்கரைத் தள்ளிக்கொண்டு. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, மகாராணி மாதிரிப் போய் அங்கால் கதிரையில் இருக்கிறாள். இதற்காகத்தான் பனிக்குள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். எனக்குப் பிச்சை போட. எனக்கு. இத்தனை வருசம் அவளுக்கு இடியப்பம் கட்டிக் கொடுத்தவள் நான், வெள்ளிக்கு வெள்ளி ஒரு தட்டுக் கூட வைத்துத்தான் கட்டினேன், பில்லில் போடாமல். அவளுக்கு அது தெரியாது. இப்போது அவள் என்னைக் காப்பாற்றுகிறாளாம். உடைந்த இடுப்போடு இருந்து, சத்தியம் செய்துவிட்டு, என்னைக் காப்பாற்றியிருக்கிறாளாம்.

இனி நான் ஒவ்வொரு நாளும் அந்தக் கடையைத் திறக்கும்போது இவளுடைய முகத்தில் அல்லவா விழிக்க வேண்டும்? கவுன்டரில் வந்து நிற்பாள். சொதியில் பால் காணாது என்பாள். நான் வாயை மூடிக்கொண்டு அள்ளி ஊற்ற வேண்டும். ஒரு சொல் சொல்ல மாட்டாள், அதுதான் அவளுடைய குணம். சும்மா சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குக் கீழே நான் சாகும் மட்டும் அடுப்பு ஊத வேண்டும். மாட்டேன் பிள்ளை. குலசிங்கம் கலைத்தால் கலைக்கட்டும். தெருவில் நின்று வடை விற்பேன். ஆனால் இந்த இராசமலரின் தயவில் ஒரு இடியப்பம் நான் பிழிய மாட்டேன்.

பெடியன் வந்துவிட்டான். அந்தக் கறுத்தக் கோட்டுக்காரன்தான், தலை முழுக்கப் பனி. கூப்பிடுகிறான். வாங்கோ. இருங்கோ, ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அப்படியே சொல்ல வேண்டும் என்று சத்தியம் செய்கிறீர்கள்தானே. அப்ப கேட்டுக்கொள்ளுங்கோ. அவர்கள் முதலில் என் பெயரைக் கேட்பார்கள். நான் பெயரைச் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்லுவேன். நான்தான் ஊற்றினேன். பெரிய வாளி நிறைய. கொதி தண்ணீர். உப்பையும் நான்தான் கூட்டி அள்ளினேன், ஒரு கல் விடாமல். அந்தப் பெடியன் இடையில் கையைக் காட்டி மறிப்பான், நீங்கள் நிற்பாட்டாதேங்கோ. ஒரு சொல் குறையக் கூடாது.

அவள் சொன்னது பொய் என்று தெரிந்தால் அவளுடைய வழக்கும் போகுமோ? அதை அவள் யோசித்திருக்க வேண்டும். நானா பொய் சொல்லச் சொன்னேன்? கூரைத் தண்ணீராம். படத்தில் நிலம் முழுக்க மஞ்சளாய்க் கிடக்கிறது, இவளுக்குக் கூரையால் வடிந்ததாம். கூரை மஞ்சள் தண்ணீர் வடிக்குமோ பிள்ளை? ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாது அவளுக்கு.